பச்சோந்தி வளர்ப்பு நூல்களை ஆராய்ந்து பயன்படுத்தும் முறை
(களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய பாடம்)

1. பாடத்தின் நோக்கம்

காயமுற்ற பச்சோந்தி ஒன்று வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அல்லது, மாணவன் ஒருவன் வேலியோரத்தில் பிடித்த பச்சோந்தியை அட்டைப் பெட்டியில் வைத்துப் பள்ளிக்கு எடுத்துவருகிறான். இவ்விரு நிலைகளிலும் பொறுப்பாளர் முதலில் நாடுவது ஒரு நூலையே. நூல் கிடைத்துவிட்டால் போதும், அதிற் கூறியவாறு செய்தால் பிராணி பிழைத்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பச்சோந்தியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆபத்தானது. ஓர் இனத்துக்காக எழுதப்பட்ட நூலை வேறோர் இனத்துக்குப் பயன்படுத்தினாலும், குளிர் நாட்டு அறைக்காகக் குறிக்கப்பட்ட அளவை நமது கோடையில் பின்பற்றினாலும், பிராணி இறந்துபோகக் கூடும். நோயின் அறிகுறிகளைப் பச்சோந்தி நெடுநாள் வெளிக்காட்டாது. தவறு தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எனவே பச்சோந்தி பற்றிய நூல்கள் எவ்வெவ் வகையின, ஒவ்வொன்றும் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது, அவற்றில் உள்ள எண்களை நம் நாட்டு நிலைமைக்கு ஏற்ப எவ்வாறு படிக்க வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்கும்.

2. முதலில் பிராணியை அறிதல்

நூலைத் திறப்பதற்கு முன், கையில் உள்ளது பச்சோந்திதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழ் வழக்கில் நிறம் மாறும் ஓணானையும் பலர் பச்சோந்தி என்றே அழைக்கின்றனர். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தோட்டத்து ஓணானின் தலையும் தோளும் சிவந்து காணப்படுவதே இம்மயக்கத்துக்குக் காரணம். இவ்விரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. இவற்றின் பராமரிப்பும் வேறு.

வேறுபாட்டை அறியக் கால்விரல்களே சிறந்த சான்று. ஓணானின் விரல்கள் தனித்தனியே பிரிந்து நீண்டிருக்கும். பச்சோந்தியின் விரல்களோ இரு கற்றைகளாக இணைந்து இடுக்கிபோல் கிளையைப் பற்றும். முன்காலில் உட்புறக் கற்றையில் மூன்று விரல்களும் வெளிப்புறக் கற்றையில் இரண்டும் இருக்கும். பின்காலில் இவ்வெண்ணிக்கை மாறி, உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றுமாக அமையும். கண்கள் கூம்புபோல் பிதுங்கி, ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே சுழலும். வால் சுருண்டு கிளையைப் பற்றிக்கொள்ளும். பல்லியின் வால்போல் அறுந்து விழாது. உடல் பக்கவாட்டில் தட்டையாக, இலைபோல் இருக்கும்.

உலகில் இதுகாறும் 200க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவுக்கு உரியவை. 2021இல் அங்கிருந்து விவரிக்கப்பட்ட புரூக்கேசியா நானா என்னும் இனத்தின் ஆண், வால் நீங்கலாக 13.5 மில்லிமீட்டர் நீளமே உடையது. அதே தீவில் வாழும் பார்சன் பச்சோந்தியோ வாலுடன் அளந்தால் 60 சென்டிமீட்டரையும் எட்டக்கூடியது. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது ஒரே ஓர் இனம்: கமீலியோ சைலானிகஸ் என்னும் இந்தியப் பச்சோந்தி. இது தீபகற்ப இந்தியாவின் வறண்ட காடுகளிலும் புதர்க்காடுகளிலும் தோப்புகளிலும், இலங்கையிலும் வாழ்கிறது.

இதிலிருந்து முதல் விதி பெறப்படுகிறது: பச்சோந்தி வளர்ப்பு என்று பொதுவாகப் பேசும் நூலைவிட, இன்ன இனத்துக்குரியது என்று குறித்துப் பேசும் நூலே நம்பத்தக்கது.

3. பழைய நூல்கள் கற்பிக்கும் பாடம்

பச்சோந்தியைப் பற்றிய எழுத்து மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது பிராணி வரலாற்றில் இதன் கண்களையும் கால்களையும் நிறமாற்றத்தையும் நேரிற் கண்டவர்போல் விவரித்துள்ளார். அவருக்குப் பின், கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய ஆசிரியர் பிளினி, பச்சோந்தி உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை, காற்றையே ஆகாரமாகக் கொள்கிறது என்று எழுதினார். பின்வந்த நூலாசிரியர் பலர் சோதித்துப் பாராமல் இதனையே திரும்பத் திரும்ப எழுதினர். ஆதலின் இக்கூற்று பல நூற்றாண்டுகள் நிலைத்துவிட்டது. 1669இல் பாரிஸ் நகரத்து விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த குளோது பெரோவும் அவருடன் பணியாற்றிய அறிஞர்களும் பச்சோந்தியின் உடலை அறுத்து ஆராய்ந்து விவரம் வெளியிட்டனர். அதன் பின்னரே இது பற்றிய அறிவு உறுதியான அடிப்படையைப் பெறலாயிற்று.

பிளினியின் தவறு எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதனை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். பச்சோந்தி கிண்ணத்தில் உள்ள தண்ணீரைப் பெரும்பாலும் குடிப்பதில்லை. இலையின் மேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையுமே நக்கிப் பருகும். அதன் நாக்கு கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வெளிப்பட்டு மீள்வதால், அது இரை பிடிப்பதைக் காண்பதும் எளிதன்று. பல நாள் உணவின்றியும் அது உயிர்வாழும். கூண்டில் கிண்ணம் வைத்துவிட்டு, தண்ணீர் குறையவில்லை என்பதைக் கண்டவர் அது குடியாத பிராணி என்றே முடிவு செய்வார். இன்றும் இத்தவறு நிகழ்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் இருக்க, பச்சோந்தி நீரின்றி வாடி இறக்கிறது.

நூல் பழையது என்பதனால் அது பொய்யாகிவிடாது. புதியது என்பதனால் மெய்யாகிவிடவும் மாட்டாது. எழுதியவர் நேரிற் கண்டு எழுதினாரா, பிறர் நூலைப் பார்த்து எழுதினாரா என்பதே கேட்கவேண்டிய வினா.

4. இந்திய ஊர்வன நூல்கள்

நம் நாட்டு ஊர்வனவற்றைப் பற்றி முறையாக எழுந்த நூல்களுள் குந்தர் என்பவர் 1864இல் வெளியிட்ட பிரிட்டிஷ் இந்திய ஊர்வன நூல் முக்கியமானது. 1890இல் பூலஞ்சர் இயற்றிய பிரிட்டிஷ் இந்தியப் பிராணி வகைத் தொகுதியும், அவ்வரிசையில் மால்கம் ஸ்மித் 1935இல் வெளியிட்ட பல்லி வகைகள் பற்றிய இரண்டாந் தொகுதியும் அதனைத் தொடர்ந்தன. 1916இல் நிறுவப்பெற்ற இந்திய விலங்கியல் ஆய்வகம், டிக்கேடர், சர்மா ஆகிய இருவரும் எழுதிய இந்தியப் பல்லிகள் கைந்நூலை 1992இல் வெளியிட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் எழுதிய இந்திய ஊர்வன நூல் 1983இல் வெளிவந்தது. நீரும் நிலமும் வாழ்வனவற்றையும் சேர்த்து அது 2002இல் திருத்தி வெளியிடப்பெற்றது. அக்கழகம் 1886 முதல் நடத்திவரும் ஆய்விதழில் இந்திய ஊர்வனவற்றைப் பற்றிய களக்குறிப்புகள் பல இடம்பெற்றுள்ளன.

இந்நூல்கள் எதற்குப் பயன்படும்? இனத்தை அடையாளம் காணவும், அது எங்கு வாழ்கிறது, எவ்வகை நிலத்தை நாடுகிறது, எவ்வாறு முட்டையிடுகிறது என்பவற்றை அறியவும் இவையே அடிப்படை. மீட்கப்பட்ட பச்சோந்தியை எங்கே திரும்ப விடுவது என்று முடிவு செய்யக் களப்பணியாளர்க்கு இவை இன்றியமையாதவை.

எதற்குப் பயன்படா? இவை வளர்ப்பு நூல்கள் அல்ல. கூண்டின் அளவு, விளக்கு, சுண்ணாம்புச் சத்துப் பொடி, நோய்க்கு மருந்து ஆகியவற்றை இவற்றில் தேடினால் கிடையா. பச்சோந்தி பூச்சிகளை உண்ணும் என்று வகைப்பாட்டு நூல் கூறுவது உண்மையே. ஆனால் காட்டில் அது பலவகைப் பூச்சிகளை உண்கிறது. கூண்டில் ஒரே வகைப் பூச்சியை நாடோறும் கொடுத்தால் என்ன நேரும் என்பதை அந்நூல் கூறாது. கூறவேண்டிய கடப்பாடும் அதற்கு இல்லை.

5. வளர்ப்பு நூல்களின் எழுச்சி

பச்சோந்தி நெடுங்காலமாக, கூண்டில் வைத்துக் காப்பதற்கு மிக அரிய பிராணி என்றே கருதப்பட்டது. 1990களில் இந்நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சில இனங்கள் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கின. அவ்வனுபவத்தைத் தொகுத்து நூல்கள் எழுந்தன. 1995இல் ஃபிலிப் டி வோஷோலியும் கேரி ஃபெர்கூசனும் சேர்ந்து வெளியிட்ட நூல் நான்கு இனங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. அவை மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தி, பார்சன் பச்சோந்தி, கிழக்காப்பிரிக்க மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி, ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் முக்காட்டுப் பச்சோந்தி என்பன. செக் நாட்டவரான பெட்டர் நெச்சாஸ் எழுதிய நூல் 1999இல் ஆங்கிலத்தில் வந்தது. அது பல இனங்களின் வாழிடத்தையும் வளர்ப்பையும் ஒருங்கே கூறுவது. சிறுத்தைப் பச்சோந்தி ஒன்றையே பொருளாகக் கொண்டு, அதன் நிறவேறுபாடு, இயற்கை வாழ்வு, பாதுகாப்பு, வளர்ப்பு ஆகியவற்றை விளக்கும் நூலை ஃபெர்கூசன் குழுவினர் 2004இல் வெளியிட்டனர்.

இவற்றோடு துணையாக வைத்துப் படிக்கத் தக்கவை மூன்று. கோலின் டில்பரி 2010இல் வெளியிட்ட ஆப்பிரிக்கப் பச்சோந்திகளின் விளக்கப்படத் தொகுதி வாழிடங்களை அறிய உதவும். கிரிஸ்டல் டாலி, ஆந்தனி ஹெரல் ஆகியோர் பதிப்பித்து 2013இல் வெளிவந்த பச்சோந்திகளின் உயிரியல் என்னும் தொகுப்பு, உடலமைப்பையும் செயல்முறையையும் விஞ்ஞான முறையில் விளக்குவது. டக்லஸ் மேடர் பதிப்பித்த ஊர்வன மருத்துவ நூல் 1996இலும் 2006இலும் வெளிவந்து, வேறு பதிப்பாசிரியர்களால் விரிவாக்கப்பட்டு 2019இல் மூன்றாம் பதிப்பைக் கண்டது. இம்மருத்துவ நூல் கால்நடை மருத்துவர்க்கு உரியது. அதைப் பார்த்துப் பிறர் மருந்து கொடுத்தல் கூடாது.

இவ்வளர்ப்பு நூல்களுள் எதுவும் இந்தியப் பச்சோந்தியை முதன்மைப் பொருளாகக் கொண்டதன்று என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். அதற்கு உறவும் வாழ்நிலையும் ஓரளவு நெருங்கியது, அதே பேரினத்தைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தி. ஆயினும் உறவு நெருங்கியது என்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

6. பெயர் மாற்றத்தால் வரும் குழப்பம்

பழைய நூலையும் புதிய நூலையும் ஒப்பிடும்போது, ஒரே பிராணி வெவ்வேறு விஞ்ஞானப் பெயர்களில் காணப்படும். பூலஞ்சர் இந்தியப் பச்சோந்தியைக் கமீலியான் கால்கராட்டஸ் என்று எழுதினார்; இன்று அது கமீலியோ சைலானிகஸ். முன்பு பெரும்பாலான பச்சோந்திகள் கமீலியோ என்ற ஒரே பேரினத்தில் அடக்கப்பட்டிருந்தன. 1986இல் கிளாவர், போமே ஆகிய இருவரும் இக்குடும்பத்தைப் புதிதாக வகைப்படுத்தினர். அதன் பின்னர்ச் சிறுத்தைப் பச்சோந்தி ஃபர்சிஃபர் பார்டாலிஸ் என வழங்கலாயிற்று. ஜாக்சன் பச்சோந்தி 2009 முதல் டிரையோசிராஸ் என்ற பேரினத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது.

நூலைப் பயன்படுத்துவோர் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதி, நூலின் முன்பக்கத்தில் ஒட்டி வைத்தல் நலம். இவ்வாறு செய்யாவிடில், கமீலியோ என்ற சொல்லை மட்டும் கண்டு, மலைக்குளிரில் வாழும் பிராணிக்குரிய குறிப்பைச் சமவெளிப் பிராணிக்குப் பின்பற்ற நேரும்.

7. எண்களைப் படிக்கும் முறை

வளர்ப்பு நூல்களின் உயிர் அவற்றில் உள்ள எண்களே. அபாயமும் அவற்றிலேயே உள்ளது.

(அ) வெப்பம்: ஜாக்சன் பச்சோந்திக்குப் பகலில் ஏறத்தாழ 21 முதல் 27 டிகிரி வரை போதும், இரவில் அதனினும் நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். முக்காட்டுப் பச்சோந்தியோ வெயில் காயும் கிளையில் 30 டிகிரிக்கு மேலும் நாடும். ஒன்றுக்கு உரிய வெப்பம் மற்றொன்றுக்குக் கேடு. மேலும், 60 அல்லது 75 வாட் விளக்கைக் கூண்டின் மேல் வைக்கவும் என்று மேனாட்டு நூல் கூறினால், அவ்வாசிரியரின் அறை 20 டிகிரி அளவில் இருந்தது என்பது அதன் உட்பொருள். அதே விளக்கை 35 டிகிரி உள்ள நமது அறையில் ஏற்றினால், அது பிராணியைச் சுட்டுக் கொல்லும். ஆதலின் விளக்கின் வாட் அளவை ஒருபோதும் பின்பற்றக் கூடாது. பிராணி அமரும் கிளையில் வெப்பமானியை வைத்து அளந்த டிகிரியையே பின்பற்ற வேண்டும். கூண்டின் ஒரு பகுதி எப்போதும் நிழலாக இருத்தல் இன்றியமையாதது. பச்சோந்தி தன் உடலின் வெப்பத்தை இடம் மாறியே சீர்படுத்திக்கொள்கிறது. இடம் மாற வழியில்லாத கூண்டில் எந்த எண்ணும் அதைக் காப்பாற்றாது.

(ஆ) நீர்: நாளைக்கு இரு முறை இலைகளின் மேல் நீர் தெளிக்கவும் என்று நூல் கூறும். வெப்பமூட்டிய, உலர்ந்த அறைக்கு அது பொருந்தும். மழைக்காலத்தில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்துள்ள இடத்தில், காற்றோட்டமில்லாப் பெட்டியில் ஓயாமல் தெளித்தால் பூஞ்சையும் மூச்சு நோயும் தோன்றும். தெளித்த நீர் அடுத்த முறை தெளிப்பதற்குள் உலர்ந்துவிட வேண்டும் என்பதே விதி. நான்கு புறமும் கண்ணாடியாலான தொட்டியைவிட வலையடித்த கூண்டு சிறந்தது என்று பல நூல்கள் கூறுவதற்கும் காற்றோட்டமே காரணம். பிராணிக்குப் போதிய நீர் கிடைக்கிறதா என்பதை அதன் எச்சத்தைக் கொண்டு அறியலாம். எச்சத்துடன் வெளிப்படும் கட்டி வெண்மையாக இருப்பது நல்ல அறிகுறி; ஆழ்ந்த மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தொடர்ந்து இருப்பது நீர்க்குறைவைக் காட்டும். கண்கள் குழிவிழுதலும் அவ்வாறே.

(இ) ஒளி: உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் ‘டி3’ தேவை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களுள் ‘பி’ வகை தோலில் படும்போது அது உடலில் உண்டாகிறது. சிறுத்தைப் பச்சோந்தியைப் பற்றி 2003லும் 2009லும் வெளியான ஆய்வுகள் வியப்புக்குரிய செய்தியைத் தெரிவித்தன. உணவில் ‘டி3’ குறைந்த பிராணிகள் தாமாகவே அக்கதிர்களை மிகுதியாக நாடுகின்றன. போதிய அளவு பெற்றவை குறைவாகவே நாடுகின்றன. எனவே வெயிலும் நிழலும் இரண்டும் கிடைக்குமாறு செய்துவிட்டால், அளவைப் பிராணியே ஓரளவு தேர்ந்துகொள்ளும்.

மேனாட்டு நூல்களில் விளக்குப் பற்றிய அதிகாரம் நீண்டிருப்பதற்கு அங்குள்ள குளிர்காலமே காரணம். நம் நாட்டின் பெரும்பகுதியில் காலை வெயில் செலவின்றிக் கிடைக்கிறது. ஆனால் சாளரக் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். கண்ணாடியின் பின்னால் வெயில் காயும் பச்சோந்தி வெப்பத்தைப் பெறுமேயன்றி இப்பயனைப் பெறாது. கண்ணாடித் தொட்டியை நேரே வெயிலில் வைத்தலோ சில நிமிடங்களில் உயிர்க்கேடு விளைவிக்கும்.

(ஈ) உணவு: சுவர்க்கோழி முதலிய வளர்ப்புப் பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு மிகுதி. இவற்றை மட்டும் உண்ணும் பச்சோந்தி தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பையே கரைத்துச் செலவிடுகிறது. எலும்பு மெலிந்து வளைகிறது, தாடை நெகிழ்கிறது, கால்கள் கிளையைப் பற்ற இயலாமற் போகின்றன. ஆகவே பூச்சிகளுக்குக் கீரை வகைகளை உண்ணக் கொடுத்து, பின் பாஸ்பரஸ் கலவாத சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவிக் கொடுக்குமாறு நூல்கள் கூறுகின்றன. வைட்டமின் பொடியைப் பொறுத்தவரை நூலுக்கு நூல் அளவு மாறுபடும். வைட்டமின் ‘ஏ’, ‘டி’ ஆகிய இரண்டும் குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு என்பதே இம்மாறுபாட்டின் காரணம். எந்த நூல் அளவோடு காரணத்தையும் கூறுகிறதோ அதனையே பின்பற்றுக. தானியக் கிடங்கிலும் மருந்தடித்த வயலிலும் பிடித்த பூச்சிகளை எக்காரணம் பற்றியும் கொடுத்தலாகாது.

8. பெண் பச்சோந்தியும் முட்டையும்

வளர்ப்பு நூல் ஒன்றின் தரத்தை விரைவில் மதிப்பிட விரும்புவோர், முட்டையிடுதல் பற்றிய அதிகாரத்தை முதலில் படிக்கலாம். பெண் பச்சோந்தி ஆணின் சேர்க்கை இன்றியும் முட்டை இடக்கூடும் என்பதையும், முட்டையிட ஈரமான மண் ஆழமாக இருக்க வேண்டும் என்பதையும் கூறாத நூல் முழுமையற்றது. மண் கிடைக்காத பெண் முட்டைகளை வெளியிட இயலாமல் மடியும். முக்காட்டுப் பச்சோந்தியில் மற்றொரு செய்தியும் உண்டு. மிகுந்த வெப்பத்தில், மிகுந்த உணவு பெற்ற பெண், ஒரே ஈட்டில் மிகப் பல முட்டைகளை உருவாக்கி, அப்பாரத்தினாலேயே நலிவுறும். நிறைய உணவளித்தல் அன்பின் அடையாளம் என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

எல்லாப் பச்சோந்திகளும் முட்டையிடுவன அல்ல. ஜாக்சன் பச்சோந்தி குட்டிகளை ஈனும். இந்தியப் பச்சோந்தி முட்டையிடும் இனம். பெண் மரத்தினின்று இறங்கித் தரையில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். மெல்ல நடக்கும் இப்பிராணியைத் தரையிலோ சாலையிலோ காணும்போது, அது வழிதவறி வந்தது என்று கருதிப் பிடித்துச் சென்றுவிடக் கூடாது. வயிறு பருத்த பெண்ணாயின், முட்டையிட மண்ணைத் தேடி வந்திருத்தல் கூடும். சாலையின் குறுக்கே சென்றால், அது செல்லும் திசையிலேயே மறுபுறம் சேர்த்துவிடுதல் போதுமானது.

9. நிறமாற்றம்: நூல்கள் திருந்திய வரலாறு

பச்சோந்தி சுற்றுப்புறத்தின் நிறத்தை அப்படியே ஏற்கும் என்பது பழைய பாடநூல்களில் காணப்பட்ட செய்தி. இது சரியன்று. அதன் இயல்பான நிறம் இலைக்கும் பட்டைக்கும் ஒத்திருப்பது உண்மை. ஆனால் நிறம் மாறுவது பெரும்பாலும் மற்றப் பச்சோந்திகளுக்குத் தன் நிலையை அறிவிக்கவும், வெப்பத்தை ஏற்கவும், அச்சத்தாலும் சினத்தாலுமே. சிவப்புத் துணியின் மேல் வைத்தால் அது சிவக்காது.

மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்ற விளக்கமும் திருந்தியுள்ளது. தோலிலுள்ள நிறத்துகள்கள் பரவுவதும் சுருங்குவதுமே காரணம் என்று முன்னைய நூல்கள் கூறின. சிறுத்தைப் பச்சோந்தியின் தோலில் குவானின் என்னும் பொருளாலான நுண்படிகங்கள் வரிசையாக அமைந்துள்ளன என்றும், அவற்றின் இடைவெளி மாறும்போது அவை எதிரொளிக்கும் ஒளியின் நிறமும் மாறுகிறது என்றும் 2015இல் ஜெனீவா ஆராய்ச்சியாளர் காட்டினர். நிறத்துகள்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவை மட்டுமே காரணம் அல்ல. இவ்வாண்டுக்கு முன் அச்சான நூலைப் பயன்படுத்தும் ஆசிரியர் இத்திருத்தத்தைத் தாமே சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

கூண்டைக் கவனிப்போர்க்கு நிறம் ஒரு செய்திப் பலகை. பகலில் தொடர்ந்து கருத்திருத்தல் குளிரையோ அச்சத்தையோ நோயையோ குறிக்கலாம். பகலில் கண்களை மூடியிருத்தல் எந்த நூலின்படியும் தீய அறிகுறியே. அப்போது நூலை மூடிவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

10. சட்டம்

மேனாட்டு நூல்களில் இல்லாத அதிகாரம் இது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியப் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதனைப் பிடித்தலும் வீட்டில் வளர்த்தலும் விற்றலும் குற்றமாகும். நூலில் கூறிய பராமரிப்பு எவ்வளவு திறம்படச் செய்யப்பட்டாலும் இக்குற்றம் நீங்காது.

வெளிநாட்டுப் பச்சோந்திகளின் வாணிபம், 1975இல் நடைமுறைக்கு வந்து 1976இல் இந்தியா சேர்ந்துகொண்ட பன்னாட்டு உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படுகிறது. 2022இல் நமது சட்டம் திருத்தப்பட்டு, அவ்வுடன்படிக்கைப் பட்டியலிலுள்ள பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. அதற்குரிய விதிகள் 2024இல் வெளியிடப்பட்டன. வெளிநாட்டுப் பிராணியை வெளியே விட்டுவிடுதலும் பெருந்தவறு. 1972இல் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில் விடப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள் அங்கு நிலைபெற்றுப் பெருகி, அத்தீவுகளுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் உண்டுவருகின்றன.

ஆகவே நமது களப்பணியாளர்க்கு வளர்ப்பு நூல் பயன்படுவது ஆண்டுக்கணக்கான வளர்ப்புக்கு அன்று. காயம் ஆறும் வரை, அல்லது உரிய மீட்பு நிலையத்துக்கு அனுப்பும் வரை உள்ள சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ ஆகும். நலமுற்ற பிராணியைக் கண்டெடுத்த இடத்துக்கு அருகிலேயே விடுதல் முறை.

11. ஆசிரியர்க்குக் குறிப்பு

பச்சோந்தி விஷமுள்ளது, அதைக் காண்பது தீநிமித்தம் என்னும் அச்சத்தால் நாட்டின் பல பகுதிகளில் அதனை அடித்துக் கொல்கின்றனர். அதற்கு விஷம் இல்லை. இந்த அச்சத்தை நீக்குதல், ஒரு பச்சோந்தியைக் கூண்டில் வைத்துக் காட்டுவதைவிடப் பெரிய தொண்டாகும். மாணவர் பச்சோந்தியைப் பிடித்துவந்தால் கடிந்துகொள்ளாமல், கால்விரல்களையும் கண்களையும் சிறிது நேரம் தொலைவினின்று நோக்கச் செய்து, வனத்துறைக்குத் தெரிவித்து, அவர்கள் கூறும் முறையில் பிடித்த இடத்திலேயே விடுமாறு செய்யலாம். வளர்ப்பு நூல்களை வகுப்பில் வேறு வகையிற் பயன்படுத்தலாம். ஒரே வினாவுக்கு இரண்டு நூல்கள் கூறும் விடைகளை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் காணுமாறு மாணவரைப் பயிற்றுதல் சிறந்த விஞ்ஞானப் பயிற்சி.

12. தொகுப்புரை

ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன் கேட்கவேண்டிய வினாக்கள் ஆறு: எந்த இனத்தைப் பற்றியது? எந்த ஆண்டுப் பதிப்பு? ஆசிரியர் நேரிற் கண்டு எழுதினாரா? அளவுகள் எந்த நாட்டுச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டவை? அளவுக்குக் காரணம் கூறப்பட்டுள்ளதா? எப்போது மருத்துவரை நாடவேண்டும் என்று நூல் எச்சரிக்கிறதா? இவ்வாறற்குள் நான்குக்கேனும் தெளிவான விடை தராத நூலை, பிராணியின் உயிரை ஒப்படைக்கத் தக்க துணையாகக் கொள்ளுதல் கூடாது.

பயிற்சி வினாக்கள்

1. ஓணானையும் பச்சோந்தியையும் வேறுபடுத்தும் மூன்று அடையாளங்களை எழுதுக.
2. கிண்ணத்தில் தண்ணீர் குறையாதிருக்கவும் பச்சோந்தி நீர்க்குறைவால் வாடுவது ஏன்?
3. நூலில் குறிக்கப்பட்ட விளக்கின் வாட் அளவைப் பின்பற்றாமல், கிளையின் வெப்பத்தை அளந்து பின்பற்ற வேண்டும் என்பதன் காரணம் யாது?
4. கண்ணாடிச் சாளரத்தின் வழியாக வரும் வெயில் எப்பயனைத் தரும்? எப்பயனைத் தராது?
5. உங்கள் நூலகத்திலுள்ள ஊர்வன பற்றிய நூல் ஒன்றை எடுத்து, மேற்கண்ட ஆறு வினாக்களுக்கும் அதில் கிடைக்கும் விடைகளைக் குறித்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.